பனிக்கு முன் ஒரு தடியங்காய்

செப்டம்பர் 3, புதன்

யார் சொன்னது நடந்தது என்று பின்னால் வாய்த்தகராறு வரக்கூடாது. அதற்காகத்தான் இந்த நோட்டு. தேதி போட்டு எழுதிவிட்டால் யாரும் மாற்றிப் பேச முடியாது.

விஷயம் இதுதான். கடல் தாண்டி வந்த இந்தக் குளிர் நாட்டில், வீட்டின் பின்புறம், வேலியை ஒட்டி நான் தடியங்காய் போட்டிருக்கிறேன். புத்தகத்தில் வெண்பூசணி என்று எழுதுவார்கள். கோவில்பட்டிக்காரனுக்கு அது தடியங்காய். அந்த இடத்தில் கார் நிறுத்த ஒரு கராஜ் கட்ட வேண்டும் என்கிறான் என் மகன் கதிரேசன். ஜூன் கடைசியில், கொடி முழங்கால் உயரம் வந்திருந்தபோது இதைச் சொன்னான். முடியாது என்றேன். இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாம் நாள் அவனே இறங்கி வந்தான்.

"சரிப்பா. பனி விழுந்து கொடி கருகுறதுக்குள்ள ஒரே ஒரு காய் நீறு பூத்துட்டா அந்த இடம் உங்களுக்கு. நான் வாயத் தொறக்க மாட்டேன். பூக்கலைன்னா கராஜ். அப்ப நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

எழுதிக் கொடு என்றேன். சிரித்தான். அதனால் நானே எழுதிக்கொள்கிறேன்.

தடியங்காய் முற்றினால் அதன் தோலில் திருநீறு பூசியது போல வெள்ளை படியும். அதுதான் நீறு. அது படியாத காய் பிஞ்சுக் கணக்குத்தான். மூன்று காய் பிடித்ததில் இரண்டு வெம்பி விழுந்துவிட்டன. மிச்சமிருப்பது ஒன்று. இன்றைக்கு ஒரு சின்னக் குடம் அளவு இருக்கிறது. நல்ல பச்சை. தொட்டால் சுணை குத்துகிறது.

கராஜுக்கான கான்கிரீட் லாரி அக்டோபர் ஆறாம் தேதி வருமாம். அதற்கு மேல் போனால் தரை உறைந்துவிடுமாம். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறான். என் காய் தோற்றுவிடும் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

செப்டம்பர் 5, வெள்ளி

மருமகள் செண்பகவல்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல பெண்தான். ஆனால் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறாள்.

"மாமா, அடுத்த வாரம் பூராக் காத்து. எழுபது கிலோமீட்டர் வேகமாம். சனிக்கெழம ராத்திரி மைனஸ் ஒண்ணு."

"உன் போனு எத்தன வருசமா வானத்தப் பாக்குது?"

"அது எதுக்கு மாமா பாக்கணும்? சாட்டிலைட்டு பாக்குது."

"நான் முப்பத்தோரு வருசம் பாத்துருக்கேன். அக்டோபர் பத்துக்கு முன்னாடி பனி கெடையாது. எழுதி வச்சுக்கோ."

"நீங்கதான் எழுதுறீகளே," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் பொட்டலம் கட்டிவந்த பேப்பரைப் படித்துக் கற்றுக்கொண்டது. முப்பத்தோரு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தேன். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளை வெளியே காயவைக்கலாமா, உள்ளே வைக்க வேண்டுமா என்று தினமும் காலை ஆறு மணிக்குச் சொல்ல வேண்டியவன் நான். என் வாய்ச்சொல்லை நம்பி இருநூறு பேர் வேலை பார்த்தார்கள். ஒரே ஒரு நாள் முதலாளி என்னை விட்டுவிட்டு ரேடியோவை நம்பினார். அன்றைக்கு ஒரு லோடு குச்சி கஞ்சியாகிப் போனது. அதற்கு அவர் கடைசி வரை வருத்தம் தெரிவிக்கவில்லை. இப்போது உயிரோடும் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

போன் சொன்னது மழை. நான் சொன்னது இல்லை. பெய்தது. ஆனால் அதற்குப் பெயர் மழை அல்ல, தூறல். எனக்கு ஒன்று, போனுக்குச் சைபர்.

செப்டம்பர் 10, புதன்

காற்று. இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் இந்தக் காற்று எனக்குப் பழகவில்லை. சஸ்காட்செவன் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, ஊர் தோசைக்கல் போலத் தட்டை. குறுக்கே ஒரு குன்று கிடையாது, ஒரு பனைமரம் கிடையாது. எங்கோ கிளம்புகிற காற்று நேராக என் வேலிக்குத்தான் வருகிறது.

காய் தொங்குகிற கம்பு ஆடியது. பழைய துண்டு ஒன்றைக் கிழித்து உறி மாதிரி முடைந்து காயை அதில் உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டு வால்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயது, கோதுமை விவசாயம் பார்த்து ஓய்ந்தவர். எனக்கு இங்கிலீஷ் நாற்பது வார்த்தை தெரியும். அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அதனால் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை.

வால்டர் வானத்தில் தெற்கே போகிற வாத்துக் கூட்டத்தைக் காட்டினார். அப்புறம் காயைக் காட்டினார். அப்புறம் கழுத்தை அறுப்பது போல விரலால் இழுத்துக் காட்டினார்.

ஒருவரும் என் பக்கம் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று ராத்திரி பனி என்று போன் சொன்னது. நான் வராது என்றேன். எட்டரைக்கு மாத்திரை போட்டுப் படுத்து, காலை ஆறரைக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். கொடி பச்சைப் பசேல் என்று இருக்கிறது. ஒரு இலை வாடவில்லை.

வால்டர் வீட்டுத் தோட்டத்தில் சுரைக்காய் மாதிரி ஒரு கொடி உண்டு. அது வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துக் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவர் பக்கம் பனி, என் பக்கம் இல்லை. இதற்கு விஞ்ஞானம் என்ன சொல்லும் என்று கதிரேசனைக் கேட்டேன். அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க ராசிப்பா," என்றான்.

எனக்கு இரண்டு.

ஒரு குறை. என் எட்டு முழ வேட்டியைக் காணவில்லை. இன்னொரு குறை. விடியற்காலை ஐந்தரைக்கே, அரைத்தூக்கத்தில், துணி உலர்த்தும் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே பார்த்தால் போர்வைகள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போர்வையை யார் காயவைப்பார்கள்? இந்தப் பிள்ளைகளுக்குக் கரண்டின் அருமை தெரியவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

போன்: மைனஸ் இரண்டு. நான்: இல்லை. கொடி: பச்சை. எனக்கு மூன்று.

வேட்டி கிடைத்துவிட்டது. மடித்து அலமாரியில் இருக்கிறது. ஆனால் அதில் கொடியின் சுருள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் அது எப்படிப் போனது என்று தெரியவில்லை. செண்பகத்திடம் கேட்டேன். "காத்துல பறந்து வந்துருக்கும் மாமா," என்று கொட்டாவி விட்டாள். இப்போதெல்லாம் எப்போது பார்த்தாலும் கொட்டாவி. சாயங்காலம் ஏழு மணிக்கே சோபாவில் சாய்ந்துவிடுகிறாள். ஊரிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் காலி. நான் இரண்டு துண்டுதான் தொட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மழை. இது மழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குப் போனும் நானும் இருவருமே மழை என்றோம். அதனால் கணக்கில் சேராது.

காய் பெருத்திருக்கிறது. சுணை உதிரத் தொடங்கிவிட்டது. அது நல்ல அடையாளம். நீறு இன்னும் இல்லை.

செப்டம்பர் 20, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அபிப்பிராயம் எழுதப் போவதில்லை.

காற்றுச் சத்தத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். பின்புறத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதிரேசன் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட். வெளியே அவனுடைய பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். என் கொடி மேல் மூன்று போர்வைகள். காய் மேல் என் வேட்டி. துணி கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, போர்வையை உதறினாள். சீனி கொட்டுவது போல அதிலிருந்து பனி கொட்டியது.

காயைக் கையால் தடவிப் பார்த்தாள். அதனிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

நான் விளக்குப் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் உள்ளே வருகிற வரைக்கும் குறட்டை விட்டேன்.

காலையில் காப்பி கொடுக்கும்போது, "இன்னிக்கும் பனி இல்ல போலிருக்கே மாமா," என்றாள்.

"நான்தான் சொன்னேனே," என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கேள்வி: புருஷன் கராஜ் வேண்டும் என்கிறபோது, அவள் எதற்காக என் கொடியைக் காப்பாற்ற வேண்டும்?

பதில் தெரியவில்லை. அவளிடம் கேட்டால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் என் மூன்று புள்ளிகள் என்ன ஆவது?

கராஜுக்கு வாங்கி அடுக்கியிருந்த செங்கல்லில் எட்டை எடுத்து வேலி ஓரமாக வைத்தேன். போர்வை விளிம்பில் வைத்தால் காற்றுக்குப் பறக்காது. கிளிப் டப்பாவைப் பின்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். என் கம்பளியையும் மடித்து அங்கேயே போட்டேன், வெயிலில் காயட்டும் என்று.

இரவு சாப்பிடும்போது, "இன்னிக்கும் பனி வராது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

செப்டம்பர் 22, திங்கள்

செங்கற்கள் இடம் மாறியிருக்கின்றன.

செப்டம்பர் 25, வியாழன்

கதிரேசன் இன்று காயைச் சுற்றி வந்தான். அதிகாரி சோதனைக்கு வந்தது போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"பச்சையாத்தான இருக்கு?"

"இருக்கும். நீ பொறந்தப்பக்கூட நீலமாத்தான் இருந்த. அப்புறம் தெளியல?"

"இன்னும் பதினோரு நாள்தான்ப்பா. லாரி வந்துரும்."

"வரட்டும். வந்த லாரி அப்படியே திரும்பிப் போகும்."

காற்று குளிர்ந்துவிட்டது. பகலில்கூட விறைக்கிறது. வேட்டியைக் காய்க்கு நாலு சுற்றாகச் சுற்றி உறியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். இனி அவிழ்ப்பதில்லை. அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு போய்விடும்.

செப்டம்பர் 27, சனி

காலையிலிருந்து மழை, நாலு மணிக்கு நின்றது. காற்று வடமேற்குக்குத் திரும்பியது. மேகம் கழுவிவிட்டது போலப் போய்விட்டது. நான் எவ்வளவு பிடிவாதக்காரனாக இருந்தாலும், மழைக்குப் பின்னால் இப்படித் தெளிகிற வானம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். போன் மைனஸ் ஆறு என்றது.

கதிரேசன் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டான். ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, செண்பகம் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு என் கண் முன்னாலேயே வெளியே வந்தாள். முதல் தடவை. நான் பார்க்காதது போல வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தாயி?"

"ஒண்ணுமில்ல மாமா. தல சுத்துது."

"எல்லாத்தையும் அங்கன போடு. உள்ள போ."

"போத்திட்டுப் போறேன்."

"வேண்டாம். போ."

உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பனிதான் வராதே மாமா. அக்டோபர் பத்துக்கு முன்னாடி கெடையாதே. வராத பனிக்கு நான் போத்துனா என்ன, போத்தாட்டி என்ன? வரும்னு சொல்லுங்க, நீங்க போத்திருவீகன்னு நம்பி உள்ள போறேன்."

"செங்கல்லக் கீழ வை."

"சொல்லுங்க."

"வரும்."

"காத்துல கேக்கல மாமா."

"பனி வரும். மைனஸ் ஆறு. உன் போனு சொன்னதுதான் சரி. போ உள்ள."

அவள் சிரித்த சிரிப்பு வால்டர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். காற்று பலமாக இருந்ததால் நான் என்ன சொன்னேன் என்று யாருக்கும் சரியாகக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

வால்டர் ஒரு பெரிய தார்ப்பாயும், குண்டு பல்பு மாட்டிய வயரும் கொண்டுவந்தார். இருவருமாகப் போர்வைக்கு மேல் பாயை இழுத்துக் கட்டினோம். உள்ளே பல்பை எரியவிட்டோம். சூட்டுக்காம். இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம். அவர் வீட்டுக்குப் போகும்போது கழுத்தை அறுத்துக் காட்டவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் போனேன். பல்பு பியூஸ் போயிருந்தது. காற்று பாயின் ஒரு மூலையைப் பிய்த்துத் தூக்கியிருந்தது. புல், வேலி, வால்டரின் டிராக்டர் எல்லாம் வெள்ளை. கொடி முழுவதும் கறுத்து, விறைத்து, தொட்டால் உடைந்தது. ஜூன் மாதத்திலிருந்து நான் வளர்த்த கொடி. ஒரே ராத்திரி.

காய் உறியிலேயே இருந்தது. வேட்டி ஒரு பக்கம் நழுவியிருந்தது. நழுவிய இடத்தில் காய் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

நான் கூப்பிட்ட சத்தத்தில் செண்பகம் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கதிரேசன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து காரை நிறுத்திக்கொண்டிருந்தான். வால்டரும் வந்துவிட்டார்.

"பாத்தியா நீறு," என்றேன்.

கதிரேசன் கிட்டே வந்து பார்த்தான். அவன் முகம் சங்கடமாக இருந்தது. "அப்பா, அது நீறு இல்லப்பா. பனி. புல்லு மேல இருக்குறதுதான் இது மேலயும் இருக்கு."

"எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"சரி. வெயில் வரட்டும். பனின்னா உருகும். நீறுன்னா நிக்கும்."

நியாயமான பேச்சு. மறுக்க வழியில்லை. வால்டர் வீட்டுக் கூரைக்கு மேல் சூரியன் ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. செண்பகம் உள்ளே போய்ச் செருப்பும் போட்டுக்கொண்டு, நாலு தம்ளர் காப்பியும் கொண்டுவந்தாள். ஒரு காயைச் சுற்றி நாலு பேர் நின்று காப்பி குடித்தோம். ரோட்டில் நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து நின்று, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

வெயில் வந்தது. முதலில் வேலி மேல். அப்புறம் உறி மேல். அப்புறம் காய் மேல்.

வெள்ளை கலங்கியது. ஒரு சொட்டு உருண்டது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் பச்சையாக, ஈரமாகப் பளபளத்தது. பனிதான்.

கதிரேசன் என் தோளில் கை வைத்தான். "விடுங்கப்பா. அடுத்த வருசம் வேற எடம் பாப்போம்." செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தேன். கராஜ் கிடைத்த ஒருத்தி எதற்கு அழ வேண்டும்?

நான் கையைத் தட்டிவிட்டேன். "இன்னும் வேட்டிய அவுக்கல."

முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். நாலு சுற்றும் பிரிந்தது. காம்பைச் சுற்றி, வேட்டிக்குள் பனி புகாத இடத்தில், ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை. விரலால் தேய்த்தேன். ஈரம் இல்லை. குளிரவில்லை. மாவு போல விரலில் ஒட்டியது.

ஒட்டியதைக் கதிரேசன் நெற்றியில் மூன்று கோடாக இழுத்துவிட்டேன்.

வால்டருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றி அவரும் நெற்றியைக் காட்டினார். அவருக்கும் இட்டேன்.

"ஜெயிச்சுட்டீக," என்றான் கதிரேசன். அப்புறம் செண்பகத்தைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். தோற்றவர்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சாமி படத்துக்கு முன்னால் கார் சாவி, செண்பகத்தின் ஸ்டெதஸ்கோப், என் மண்வெட்டி. காயை ஊர் வழக்கப்படி கார் முன்னால் போட்டு உடைக்கலாமா என்று கதிரேசன் கேட்டான். நாலு மாதம் வளர்த்ததை ரோட்டில் போட்டு உடைக்கவா என்று நான் கேட்ட கேட்பில் வாயை மூடிக்கொண்டான். கூட்டு வைப்பது என்று முடிவானது.

போர்வை விஷயத்தை நான் பேசவில்லை, பேசப் போவதும் இல்லை. ஆனால் மனிதனுக்கு ஒரு மரியாதை தெரிய வேண்டும். கத்தியை எடுத்துச் செண்பகத்திடம் நீட்டினேன்.

"மொதல்ல நீ வெட்டு தாயி."

"நீங்க வெட்டுங்க மாமா."

"நீதான் வெட்டணும்."

"நான் வெட்டக் கூடாது மாமா."

"ஏன், கை சுளுக்கா? மனுச ஒடம்பையே தச்சு வைக்கிறவளுக்குத் தடியங்காய் வெட்ட முடியாதா?"

அவள் கழுத்து வரை சிவந்து போனாள். கதிரேசன்தான் அவள் பின்னால் வந்து நின்றுகொண்டு கேட்டான்: "ஏம்ப்பா, முழுத் தடியங்காய யாரு வெட்டக் கூடாதுன்னு நம்ம ஊருல சொல்லுவாக?"

"பிள்ளத்தாச்சி," என்றேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதற்குச் சொல்வது போலச் சட்டென்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

கத்தியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நாற்காலியில் இல்லை, அரிசி மூட்டை மேல்.

"எத்தன மாசம்?"

"நாலு முடிஞ்சிருச்சு மாமா."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டு தடவையும் சேதி தெரிந்த அன்றே கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு நான் போன் போட்டேன். அதனால்தான் இந்தத் தடவை நாலு மாதம் முடியட்டும் என்று என்னிடம் சொல்லவில்லையாம். வருத்தப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பின்னால் அந்தப் பாதிப் பேருக்கும் திரும்பப் போன் போட்டு, இல்லையென்று சொன்னவனும் நான்தான். அதனால் வருத்தப்படவில்லை.

காயை நானே வெட்டினேன். உள்ளே பால் போல வெள்ளை. செண்பகம் கூட்டை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் யாருக்கும் போன் போடவில்லை. போட வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. கை மட்டும் இரண்டு மூன்று தடவை சட்டைப் பைக்குப் போனது.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் கதிரேசனைத் தனியாகப் பிடித்தேன்.

"பேறு எப்ப?"

"பிப்ரவரி இருபத்தாறுன்னு சொல்றாக."

பிப்ரவரி. போன பிப்ரவரியில் மைனஸ் முப்பத்தெட்டு. கார் வெளியே நின்று கல்லாகிக் கிடந்தது. கிளப்ப ஒரு மணி நேரம் ஆனது. பிரசவ ஆஸ்பத்திரி ஐம்பது மைல்.

"அதுக்குத்தான் கராஜா?"

தலையை ஆட்டினான்.

"ஏம்ல, அத ஜூன் மாசமே சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க அன்னிக்கே கொடியப் பிடுங்கிருப்பீக. அவதான் வேண்டாம்னுட்டா. 'இந்த ஊருல மாமாவுக்குன்னு இருக்குறது அந்த வேலி ஓரம்தான். அதக் கேட்டு வாங்கக் கூடாது. ஜெயிச்சா அவுககிட்டயே இருக்கட்டும், வண்டிக்கு வேற வழி பாப்போம்'னா."

எனக்குக் கோபம் வந்தது. என்னை ஜெயிக்க வைக்க இவர்கள் யார்? இதை அவனிடமே கேட்டேன்.

"நாங்க ஜெயிக்க வைக்கலப்பா. நீறு நாங்க பூசுனதா?"

அது சரிதான்.

பகல் முழுவதும் கறுத்த கொடிக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். பேச்சுப்படி இடம் என்னுடையது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நெற்றியில் மூன்று கோட்டோடு அவனே ஒப்புக்கொண்டான். ஆக, என் இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவன் நான்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: "என் இடத்துல நான் ஒரு கராஜ் கட்டப் போறேன். யாரும் குறுக்க பேசக் கூடாது."

செண்பகம், "மாமா, வேண்டாம்," என்று ஆரம்பித்தாள்.

"குறுக்க பேசக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன்?"

அக்டோபர் 4, சனி

கொடியை வேரோடு நானே பிடுங்கினேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

கராஜ் கட்டுகிற ஆள் வந்து கயிறு பிடித்தான். படத்தில் கதவு வடமேற்கே பார்த்து இருந்தது. பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன். என் நாற்பது வார்த்தையில், காற்று, பனி, கதவு, மூடு என்ற நாலை வைத்து விளக்கினேன். அவன் சிரித்தான். வால்டர் வேலியைத் தாண்டி வந்து, மண்ணில் குச்சியால் கோடு போட்டு, காற்று எப்படி வரும், பனி எங்கே குவியும் என்று அவன் பாஷையில் சொன்னார். நான் சொன்னதேதான். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைக் கிழக்கே திருப்பினான். பிப்ரவரியில் விடியற்காலை கதவு திறக்கவில்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று கதிரேசனைக் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அக்டோபர் 6, திங்கள்

லாரி வந்தது. திரும்பிப் போகவில்லை. கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. போன் மதியம் மழை என்றது. நான் இல்லை என்றேன். ஆனாலும் பதினொரு மணிக்குள் பாய் போட்டு மூடச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு மழை. மூடச் சொன்னது நான்தான் என்பதால் புள்ளி எனக்கு.

அக்டோபர் 11, சனி

முதல் பனிமழை. உதிரி உதிரியாக, நின்று நிதானமாக விழுந்தது. செண்பகம் வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் மாமா என்றாள். என் கம்பளியைக் கொண்டுபோய் அவள் தோளில் போட்டேன்.

"பிப்ரவரி இருபத்தாறு எப்படி இருக்கும் மாமா?" என்று கேட்டாள். போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

வெளியே போய், கதவு பார்க்கிற கிழக்குப் பக்கமாக நின்று, வெகு நேரம் வானத்தைப் பார்த்தேன். வானிலை ஆபீஸ்காரர்கள் இவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அந்தத் தைரியம் கிடையாது. நான் தேதி போட்டு எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 26: வானம் தெளிவாக இருக்கும். காற்று இருக்காது. வண்டி ஒரே சாவியில் கிளம்பும்.